ஸ்போர்ட்ஸ் காரை டிரெய்லரில் ஏற்றிப் போக: எந்த வண்டி, எந்த டிரெய்லர்?

டிரெய்லர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "என் வண்டி எவ்வளவு இழுக்கும்?" விளம்பரங்களிலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும். 3,500 கிலோ, 5,000 கிலோ என்று பார்த்ததும், 1,500 கிலோ கார்தானே, தாராளமாக இழுத்துவிடலாம் என்று தோன்றும். இழுத்தும் விடும். சிக்கல் வருவது வேறு இடத்தில். வண்டியின் பின்புறக் கொக்கி கீழ்நோக்கி எவ்வளவு எடை தாங்கும், ஆட்களும் சாமான்களும் சேர்த்து வண்டி எவ்வளவு சுமக்கும் என்ற இரண்டு சின்ன எண்கள் இருக்கின்றன. விளம்பரத்தில் அவை வராது. கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டின் நடுப்பக்கத்திலோதான் கிடைக்கும். பெரும்பாலும் கணக்கு உதைப்பது அங்கேதான்.

அதனால் தேர்வைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். முதலில் கார், அடுத்து அந்தக் காருக்குப் பொருந்தும் டிரெய்லர், கடைசியாக அந்த இரண்டையும் இழுக்கும் வண்டி. குழப்பம் வராமல் இருக்க ஒரு ஏற்பாடு: இந்தக் கட்டுரையில் 'கார்' என்றால் டிரெய்லரில் ஏறும் ஸ்போர்ட்ஸ் கார், 'வண்டி' என்றால் முன்னால் இழுத்துப் போவது.

டாலி போதாதா?

முன்சக்கரங்களை மட்டும் தூக்கி வைத்து, பின்சக்கரங்களைச் சாலையில் உருளவிடும் சின்ன இரட்டைச் சக்கர அமைப்புக்கு டோ டாலி என்று பெயர். விலை குறைவு, எடை குறைவு, வீட்டில் நிறுத்த இடமும் அதிகம் வேண்டாம். முன்சக்கரம் இயங்கும் சாதாரணக் கார்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை பின்சக்கரத்தால் ஓடுபவை. பின்சக்கரம் உருளும்போது கியர்பாக்ஸின் வெளித்தண்டும் சேர்ந்து சுழலும். இன்ஜின் ஓடாததால் பல கியர்பாக்ஸ்களில், முக்கியமாக ஆட்டோமேட்டிக்கில், உள்ளே எண்ணெய் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. நீண்ட தூரம் அப்படிப் போனால் கியர்பாக்ஸ் வெந்துவிடும். நான்கு சக்கரமும் இயங்கும் காரென்றால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற முழு டிரெய்லர் என்பதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

காரின் எடை

ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஒரே பெயருக்குள் எடை எங்கிருந்து எங்கோ போகிறது. கேட்டர்ஹாம் செவன் மாதிரி எலும்பும் தோலுமான கார் 500, 600 கிலோதான். மாஸ்டா எம்எக்ஸ்-5 ஏறத்தாழ 1,100 கிலோ. இப்போதைய போர்ஷ 911 அடிப்படை மாடல் 1,500 கிலோவை ஒட்டி வரும். நிசான் ஜிடி-ஆர் 1,750 கிலோவுக்குப் பக்கம். காகிதத்தில் உள்ள எடையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சில நிறுவனங்கள் எரிபொருள் இல்லாத எடையைச் சொல்லும், சில ஓட்டுநரையும் சேர்த்துச் சொல்லும். டேங்க் நிரம்பிய காரை ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், கார் தனியாக வராது. ரேஸ் டிராக்குக்குப் போகிறவர் என்றால் ஒரு செட் டயர், ஜாக், கருவிப்பெட்டி, பெட்ரோல் கேன், கட்டும் பட்டைகள், கயிற்றைச் சுருட்டிக் காரை இழுக்கும் வின்ச் எல்லாம் கூடவே வரும். சக்கரத்தோடு சேர்ந்த நான்கு டயர்களே 80 முதல் 100 கிலோ வரும். மொத்தத்தில் 150 கிலோ என்று வைத்துக்கொள்வது மிகையாகாது.

திறந்ததா, மூடியதா

கார் ஏற்றும் திறந்த டிரெய்லரில் அலுமினியத்தால் ஆனது 500 முதல் 800 கிலோ வரை வரும். இரும்பில் செய்தது 800 முதல் 1,100 வரை. கூரையும் சுவரும் உள்ள மூடிய டிரெய்லரோ காலியாகவே 1,500 முதல் 2,000 கிலோவைத் தொட்டுவிடும். அதாவது காரையும் அதே எடையுள்ள இன்னொரு காரையும் சேர்த்து இழுப்பதுபோல.

மூடியதன் வசதியை மறுக்க முடியாது. மழை, கல், தூசி எதுவும் காரில் படாது. கருவிகளை உள்ளேயே பூட்டி வைக்கலாம், இரவில் விடுதி வாசலில் நிறுத்தும்போது உள்ளே என்ன கார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எடை போகட்டும், காற்று ஒன்று இருக்கிறது. இரண்டரை மீட்டர் அகலம், அதே அளவு உயரம் உள்ள ஒரு சுவரை நெடுஞ்சாலையில் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 110-க்குப் போனால் எதிர்ப்பு பாதி அளவு கூடிவிடும். பக்கவாட்டுக் காற்று அடித்தாலோ பெரிய லாரி ஒன்று கடந்துபோனாலோ அந்தச் சுவர் முழுவதும் வாங்கிக்கொள்ளும். திறந்த டிரெய்லரில், தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு மேலும் கீழும் காற்று பாய்ந்து போய்விடும்; அதே வண்டிக்கு வேலை வெகு சுலபம்.

முதல் டிரெய்லர் என்றால் என் வாக்கு திறந்ததற்கே. பின்னால் காரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டலாம் என்பதும் ஒரு லாபம்: ஒரு பட்டை தளர்ந்தால் கண்ணாடியில் தெரிந்துவிடும். விலை உயர்ந்த பழைய கார், அடிக்கடி நீண்ட தூரம், தக்க பெரிய வண்டி ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் மட்டும் மூடியதை யோசிக்கலாம்.

டிரெய்லர் எவ்வளவு சுமக்கும் என்பதை அதன் உலோகத் தகட்டில் பாருங்கள். அங்கே இருப்பது டிரெய்லரும் சுமையும் சேர்ந்த உச்ச எடை. அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய சுமை. அமெரிக்காவில் பரவலாக உள்ள 3,500 பவுண்டு அச்சு ஒன்று 1,588 கிலோ தாங்கும். அந்த அச்சு ஒன்றே உள்ள டிரெய்லர் 400 கிலோ என்றால் மீதி 1,200-க்கும் குறைவு. கேட்டர்ஹாமுக்குச் சரி, 911-க்கு ஆகாது. இரண்டு அச்சு இருந்தால் 3,175 கிலோ வரை போகும். எடையைத் தவிர இன்னொரு காரணத்துக்காகவும் இரட்டை அச்சையே சொல்வேன். நெடுஞ்சாலையில் ஒரு டயர் வெடித்தால் ஒற்றை அச்சு டிரெய்லர் ஒரு பக்கமாகச் சரியும். இரட்டை அச்சு, ஓரத்தில் போய் நிற்கும் அளவுக்காவது தாக்குப்பிடிக்கும்.

வயிறு தட்டும் இடம்

எடைக் கணக்கெல்லாம் சரியாக வந்தபிறகும், டிரெய்லரைக் கொண்டுவந்த முதல் நாளே பலரும் மாட்டிக்கொள்வது ஏற்றும் இடத்தில்தான். ஸ்போர்ட்ஸ் காரின் அடிவயிறு தரையிலிருந்து 12 சென்டிமீட்டர்தான் இருக்கும், முன்மூக்கு இன்னும் தாழ்வு.

சின்னக் கணக்கு ஒன்று. டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம். கூட வருகிற ராம்ப் பலகை ஒன்றரை மீட்டர் நீளம். அப்படியென்றால் ஏற்றத்தின் கோணம் 19 டிகிரியைத் தாண்டிவிடும். இரண்டரை மீட்டர் வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) தரையிலிருந்து 12 சென்டிமீட்டர் இடைவெளியும் உள்ள கார், ராம்ப் முடிந்து தளம் தொடங்கும் முனையில் ஏறத்தாழ 11 டிகிரி வரைதான் வயிறு தட்டாமல் கடக்கும். 19-க்கும் 11-க்கும் இடையே எங்கோ வயிறு உரசும் அந்த 'கரக்' சத்தம் கேட்கும். ராம்ப் 3 மீட்டராக இருந்தால் கோணம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும், கார் நூலிழையில் தப்பும். முன்மூக்கு மிகவும் தாழ்ந்த காருக்கு அதுவும் போதாது.

இதற்குச் சில வழிகள் இருக்கின்றன. தளத்தின் பின்முனை சற்றே கீழ்நோக்கிச் சரிந்த டவ்டெயில் டிரெய்லர், ஏறும் உயரத்தைக் குறைக்கும். தளம் முழுவதுமே சாயும் டில்ட் டிரெய்லரில் ராம்பே வேண்டாம், தளமே ராம்ப். அதில் பின்முனை தரையைத் தொடுவதால் கோணம் பொதுவாகச் சிறியது. விலையும் எடையும் கொஞ்சம் கூடும், ஆனால் தாழ்ந்த காருக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கையில் சாதாரண டிரெய்லர்தான் இருக்கிறது என்றால் ராம்புக்கு முன்னால் மரப்பலகைகளை அடுக்கலாம். அல்லது தரை மேடேறத் தொடங்கும் இடமாகப் பார்த்து, வண்டியும் டிரெய்லரும் கீழே சமதளத்திலும் ராம்பின் நுனி மேட்டிலும் இருக்கும்படி நிறுத்தினால் ராம்புக்கும் தளத்துக்கும் உள்ள கோணம் குறையும். எதைச் செய்தாலும் டிரெய்லர் வண்டியோடு பூட்டப்பட்டிருக்க வேண்டும், வண்டியின் கை பிரேக் போட்டிருக்க வேண்டும். பூட்டாத டிரெய்லரில் கார் ஏறினால் பின்பக்கம் எடை விழுந்து முன்பக்கம் எகிறும்.

கார் மேலே ஏறிவிட்டது. இப்போது ஓட்டியவர் எப்படி இறங்குவார்? இரண்டு கதவுக் காரின் கதவு நீளம், டிரெய்லரின் சக்கர மூடி அதற்கு நேராக நிற்கும். கதவு ஒரு சாண் திறந்ததும் மூடியில் இடிக்கும். ஜன்னல் வழியாக வெளியே நெளிந்து வருகிறவர்களைக் கார் பந்தய மைதானங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். சக்கர மூடியைக் கழற்ற முடிகிற டிரெய்லரை வாங்குவது நல்ல வழி. மூடிய டிரெய்லர் என்றால் ஓட்டுநர் பக்கம் சுவரிலேயே ஒரு பெரிய திறப்பு இருக்கும்படி பார்த்து வாங்க வேண்டும். இன்னொரு வழி, காரை ஓட்டாமலே வின்ச் போட்டு இழுத்து ஏற்றுவது. கார் மெதுவாக, ஒரே சீராக ஏறும். நீங்கள் வெளியே நின்று நான்கு பக்கமும் கவனிக்கலாம். ஓடாத காரை ஏற்றவும் அதுவே கைகொடுக்கும். வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகளை டேப் வைத்து எடுங்கள்: டிரெய்லரின் சக்கர மூடிகளுக்கு இடையே உள்ள அகலம், காரின் பின்டயர்களின் வெளி அகலம். அகலமான பின்டயர் உள்ள கார்கள் இங்கே கழுத்தறுக்கும்.

டங் வெயிட்

டிரெய்லரின் முன்கை, வண்டியின் கொக்கியில் உள்ள உலோகப் பந்தின்மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடைக்கு அமெரிக்காவில் டங் வெயிட் என்றும் பிரிட்டனில் நோஸ் வெயிட் என்றும் பெயர். இந்த முழு விஷயத்திலும் ஒரே ஒரு கருத்தைத்தான் புரிந்துகொள்ள நேரமிருக்கிறது என்றால் இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

டிரெய்லரின் அச்சை நடுவில் வைத்து அதை ஒரு சீசா பலகையாக நினைத்துப் பாருங்கள். காரை முன்னால் நகர்த்தினால் கொக்கிமேல் எடை கூடும். பின்னால் நகர்த்தினால் குறையும், மிகவும் பின்னால் போனால் டிரெய்லர் கொக்கியை மேலே தூக்கப் பார்க்கும். எடை பின்னால் இருக்கும் டிரெய்லர்தான் வேகத்தில் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒரு வேகத்துக்கு மேல் தானாக அடங்காது, ஒவ்வொரு வீச்சிலும் பெரிதாகிக்கொண்டே போய் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

ஆகவே முன்பக்கம் போதுமான எடை வேண்டும். அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது நடைமுறை. ஐரோப்பாவில் டிரெய்லர் இழுக்கும்போது வேகவரம்பு குறைவு, டிரெய்லர்களின் வடிவமைப்பும் வேறு. அங்கே கார்களின் கொக்கியே பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ வரைதான் அனுமதிக்கும், பெரிய எஸ்யூவிகளில் இன்னும் கொஞ்சம் கூட. அந்த வரம்பைத் தாண்டாமல், அதை ஒட்டி நிற்பதுதான் அங்கே வழக்கம்.

இதை எப்படிச் சரிசெய்வது? காரை நகர்த்தித்தான். பந்திலிருந்து அச்சுகளின் நடுப்புள்ளி நாலரை மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,400 கிலோ காரை 10 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் கொக்கிமேல் ஏறத்தாழ 31 கிலோ கூடும். ஒரு சாண் கூட இல்லாத நகர்வு அது! அதனால் ஒருமுறை சரியான இடத்தைக் கண்டுபிடித்ததும், தளத்தில் முன்டயர் நிற்கும் இடத்தில் கட்டை ஒன்றை அடித்துவிடுங்கள். அடுத்தமுறை யோசிக்காமல் அதே இடத்தில் நிறுத்தலாம். டங் வெயிட்டை அளக்க அதற்கென்றே சின்னத் தராசுகள் கிடைக்கின்றன. வண்டியில் பூட்டியபடியே எடைமேடையில் டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, கழற்றிய டிரெய்லரை முழுசாக வைத்து ஒருமுறை எடுத்தாலும் வித்தியாசம் சொல்லிவிடும்.

இன்ஜின் எங்கே இருக்கிறது என்பதும் இதில் சேர்ந்துகொள்ளும். போர்ஷ 911-இல் இன்ஜின் பின்னால். எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் பின்சக்கரங்களில். இரண்டு பக்கமும் சமமாக எடை உள்ள ஒரு காரோடு ஒப்பிட்டால் அதன் எடைமையம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி இருக்கும். மேலே பார்த்த அதே டிரெய்லரில் அது கொக்கிமேல் 100 கிலோ வித்தியாசம். அதனால்தான் நீளம் குறைந்த டிரெய்லர்களில் சிலர் 911-ஐப் பின்பக்கமாக ரிவர்ஸில் ஏற்றுகிறார்கள். நண்பரின் முன் இன்ஜின் காருக்கு அமைத்த கட்டையை வைத்துக்கொண்டு உங்கள் 911-ஐ நிறுத்தினால் கணக்கு தப்பும்.

இப்போது வண்டி

இத்தனைக்கும் பிறகுதான் வண்டியைப் பற்றிப் பேசவே முடியும். ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். இழுவைத் திறன் 4,000 கிலோ, கதவு ஸ்டிக்கரில் பேலோட், அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை, 650 கிலோ. இழுக்கப்போவது 1,500 கிலோ கார், 150 கிலோ சாமான், 800 கிலோ திறந்த டிரெய்லர், மொத்தம் 2,450. இழுவைத் திறனில் மூன்றில் இரண்டு பங்கைக் கூடத் தொடவில்லை.

இனி பேலோட் பக்கம் வாருங்கள். டங் வெயிட் 12 சதவீதம் என்றால் 294 கிலோ. அது வண்டியின் முதுகில் விழும் சுமை, ஆகவே பேலோடில் சேரும். ஓட்டுநரும் மூன்று நண்பர்களும் 320 கிலோ. பின்தொட்டியில் கூடாரம், நாற்காலி, ஜெனரேட்டர் என்று 100. கொக்கி அமைப்பு 40. கூட்டினால் 754. நூறு கிலோவுக்கு மேல் அதிகம்! வண்டி இழுக்கும், நிற்கும், ஏறும், எல்லாம் செய்யும். ஆனால் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி குறைந்து, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். பின்டயரும் பின் அச்சும் தங்கள் வரம்பைத் தாண்டி உழைக்கும். நண்பர்களில் இருவர் தனியாக வந்தாலே கணக்கு சரியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

இழுவைத் திறன் என்ற எண் பொய்யில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு அமெரிக்கச் சோதனை முறை உண்டு. முதலில் அதைப் பின்பற்றிய நிறுவனம் டொயோட்டா, 2011 மாடல்களிலிருந்து. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் உள்ள ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஏற்றத்தில், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, வேகம் 64 கிலோமீட்டருக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். கடினமான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது இரண்டே பேர், தலா 68 கிலோ. குடும்பத்தோடு போகிறவருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு, அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக இழுக்கிறவர்களுக்கு எல்லா வரம்பிலும் 80 சதவீதத்தோடு நின்றுகொள்ளச் சொல்வார்கள். சட்டம் எதுவும் இல்லை, ஆனால் நல்ல பழக்கம்.

எண்களுக்கு அப்பால், நான் முதலில் பார்ப்பது வீல்பேஸ். முன், பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகமான வண்டியை டிரெய்லரால் எளிதில் அசைக்க முடியாது. பின் அச்சுக்கும் கொக்கிக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எடையும் வேண்டும்: இழுக்கப்படுவதைவிட இழுப்பது கனமாக இருந்தால் மனசுக்கு நிம்மதி. குட்டையான, உயரமான எஸ்யூவி காகிதத்தில் 3,500 கிலோ என்று சொன்னாலும், அதே எண்ணைச் சொல்லும் நீளமான வண்டியோடு ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் கையில் தெரியும்.

குதிரைத்திறன் இரண்டாம்பட்சம். குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் டார்க், அதாவது சுழற்றும் விசை, முக்கியம், அதனால்தான் டர்போ டீசல்களுக்கு இந்த வேலையில் மதிப்பு. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். மலைப்பாதை அதிகம் என்றால் அதை நினைவில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர் இருக்கிறதா என்று கேளுங்கள், ஏற்றத்தில் முதலில் சூடாவது அந்த எண்ணெய்தான். மின்சார வண்டிகள் இழுப்பதில் சிங்கம். ஆனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியாகக் குறைவது சகஜம். பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றாமல் நிறுத்தவும் முடியாது.

தோராயமாகச் சில ஜோடிகள்: எம்எக்ஸ்-5-உம் 600 கிலோ அலுமினிய டிரெய்லரும் சாமானோடு 1,850 கிலோ. 2,500 கிலோ இழுக்கும் நடுத்தர எஸ்யூவிக்கு அது சுகமான சுமை. 911-உம் திறந்த டிரெய்லரும் என்றால் 3,500 கிலோ வகுப்புப் பெரிய எஸ்யூவி அல்லது முழு அளவு பிக்கப். ஜிடி-ஆரை 1,800 கிலோ மூடிய டிரெய்லரில், 300 கிலோ சாமானோடு ஏற்றினால் 3,850. ஐரோப்பாவில் கார் வகை வண்டிகள் இழுக்கும் 3,500 கிலோ வரம்பையே அது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் இழுவைத் திறனும் பேலோடும் தாராளமாக உள்ள பெரிய பிக்கப் வேண்டும்.

பிரேக்கும் பட்டையும்

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். கார் ஏற்றும் டிரெய்லர் எந்த நாட்டிலானாலும் பிரேக்கோடுதான் இருக்க வேண்டும், இதில் பேரமே இல்லை. இரண்டு வகை. வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிற விசையிலேயே பிடிப்பது ஒன்று. எளிமையானது, வண்டியில் எதையும் பொருத்த வேண்டாம். மற்றது மின்சார பிரேக். ஓட்டுநர் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர் பொருத்தி, எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். காலியான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கன்ட்ரோலரின் லீவரை மட்டும் அழுத்திப் பார்த்து, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவு வரை ஏற்றி, அதிலிருந்து சற்றே குறைத்து வைப்பார்கள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் அதே லீவர்தான் காப்பாற்றும்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தினால் அது பின்னால் இழுத்து நேராகிவிடும். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்ப்பதும் கெடுத்துவிடும்.

கொக்கி கழன்றால் தானாக டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பியைச் சங்கிலியோடு சேர்த்து மாட்டாமல் வண்டியில் தனியாக மாட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் முன்கைக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கழன்றாலும் முன்கை தரையில் குத்தாமல் அதில் விழும். கொக்கிப் பந்தின் அளவும் பொருந்த வேண்டும். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் ஒன்றுதான். அமெரிக்காவில் இரண்டு அங்குலம், 2 5/16 அங்குலம் என்று வேறு வேறு உண்டு. சின்னப் பந்தில் பெரிய பிடி உட்கார்ந்த மாதிரியே உட்காரும், முதல் பள்ளத்தில் எகிறிவிடும்.

காரைக் கட்ட நான்கு பட்டைகள், மூலைக்கு ஒன்று. இரண்டு அங்குலப் பட்டைகளில் 4,500 கிலோவில் அறும் என்று எழுதியிருந்தால் வேலைக்கு நம்பக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு, 1,500 கிலோ. டயரைச் சுற்றிப் பிடிக்கும் பட்டைகளே ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிறந்தவை. சக்கரம் தளத்தோடு இறுகியிருக்கும், உடல் தன் சஸ்பென்ஷனில் இயல்பாக ஆடிக்கொள்ளும். உடலைக் கட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை தளர்ந்து இறுகும். சஸ்பென்ஷன் கைகளிலோ, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரிலோ கொக்கியை மாட்டவே கூடாது. புறப்பட்டு முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளைத் திரும்ப இறுக்கி, டிரெய்லர் சக்கரங்களின் நடுப்பகுதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ சரியில்லை.

வாங்குவதற்கு முன் இன்னும் சில

உரிமம் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண பி உரிமத்தில், 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரென்றால் வண்டியும் அதுவும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. கார் ஏற்றினால் அது எளிதில் தாண்டும், அப்போது 4,250 கிலோ வரை பி96 என்ற கூடுதல் தகுதியும், அதற்கு மேல் பிஇ உரிமமும் வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல் கார் உரிமம் உள்ள எல்லோரும் 3,500 கிலோ வரை உள்ள டிரெய்லரை இழுக்கலாம்.

பழைய டிரெய்லர் பார்க்கப் போனால் டயரின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்திலேயே வயசாகிச் சாவதுதான் அதிகம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் புது டயரின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். மரத்தளத்தின் கீழே படுத்துப் பார்த்து, பட்டை மாட்டும் வளையங்கள் சட்டத்தில் பற்றவைத்திருக்கின்றனவா, வெறும் பலகையில் திருகியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். பலகையில் என்றால் அவற்றை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் தேவை என்றால் வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே மேல். டிரெய்லர் என்பது நிறுத்த இடமும், பேரிங் கிரீஸும், காப்பீடும் கேட்டுக்கொண்டே இருக்கும் சாமான். ஒரு எச்சரிக்கை: வாடகை டிரெய்லர்கள் சாதாரணக் கார்களை மனதில் வைத்துச் செய்தவை. ராம்ப் குட்டை, சக்கர மூடி உயரம். முன்பதிவு செய்வதற்கு முன் நேரில் போய், மேலே சொன்ன டேப் அளவுகளை எடுத்துவிடுங்கள்.